நான்கெல்லை

நெடுங்கல்லுக்குக் கீழே தென்பெண்ணை இரண்டாகப் பிரிந்து
அரை மைல் தள்ளி மறுபடி ஒன்று சேரும் இடத்தில்
ஒரு திட்டு.
திட்டில் பெங்களூரா மாமரம் நூற்றுப் பத்து,
நடுவே வழக்குச் சொத்து.

ஆணையர் என்று எழுதி என்னை அனுப்பியிருந்தது
கிருஷ்ணகிரி சார்பு நீதிமன்றம்.
படிவத்தில் முதல் கேள்வியே நான்கெல்லை.
வடக்கில் ஆறு என்று எழுதினேன்.
தெற்கில் ஆறு. கிழக்கில் ஆறு.
மேற்கை எழுதும்போது பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது,
பேனா கோணல் கோடு இழுத்துவிட்டது.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்:
ஆறு.

வெங்கோப ராவ் கட்டியது.
பத்திரத்தில் ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து வரை இருக்கிறது.
மிச்சம் செல்லுக்குப் போயிற்று.

மற்ற வீடுகள் தெருவைப் பார்க்கும்.
இது வெள்ளத்தைப் பார்க்கிறது.
மேற்கு மூலைகள் இரண்டும் மூலையாக இல்லை, மூக்காக இருக்கின்றன:
பாலத்தின் காலுக்கு வைப்பார்களே
நீரை வகிர்ந்துவிட, அந்தக் கூர்,
ஆளுயரக் கருங்கல்லில்.
மூக்குகளுக்கு நடுவே வாசல். அதற்கு நேரே இன்னொன்று.
இப்படி ஏழு, நூல் பிடித்த மாதிரி.
எந்த நிலைக்கும் கீழ்க்கட்டை கிடையாது.
தரை, சுண்ணாம்பு பூசாத கற்பலகை,
அடிக்கு ஒரு நூல் கிழக்கே சாய்வு.
மாடிப்படி தரையைத் தொடுவதில்லை. ஐந்தாம் படியிலிருந்துதான் கல்,
கீழே நான்கும் மரம்,
கழற்றி மேலே இழுத்துக்கொள்ளலாம்.

உத்தரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள்.
ஊஞ்சலுக்கா என்றேன்.
'பீரோவுக்குங்க' என்றார் பரிசல்கார திம்மராயன்.
'பீரோ, நெல்லு மூட்ட, ஒருக்கா ஒரு கன்னுக்குட்டி.'
பிறகு சுவரைத் தட்டிக்கொண்டே:
'யல்லப்பன்னு ஒரு கல்லு வேலக்காரன், பர்கூர்ப் பக்கம்.
ஆத்துக்கு உண்டானத ஒதுக்கிட்டு
மிச்சத்துல கட்டிக் குடுத்தான்.'

நான்காம் வாசலில் ஹாலோ பிளாக்.
வாதி ரகோத்தமன் போன ஆடியில் எழுப்பியது:
இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் தங்கைக்கு.
பூசக்கூட இல்லை.
பிரதிவாதி வத்சலா பாய் மைசூரிலிருந்து அனுப்பிய பதிலுரையில்
மாடிப்படி யாருடையது என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

ஐப்பசியில் அணை திறந்திருக்கிறார்கள்.
பிளாக்குக்கு மேற்கே கறை என் தோள்வரை.
கிழக்கே கணுக்கால்.
வடசுவர் வயிறு தள்ளியிருக்கிறது,
விரிசலில் ஐந்து ரூபாய்க் காசு
தடங்கலில்லாமல் நுழைந்தது, திரும்ப எடுக்க வரவில்லை.

அளந்தேன்.
இரண்டு பாதியும் சமம், ஓர் அங்குலம் பிசகவில்லை.
ரகோத்தமன் கணக்கில் கெட்டிக்காரர்.

என்ன தோன்றியதோ, குடிக்க வைத்திருந்த தண்ணீரை
மூன்றாம் வாசலருகே தரையில் ஊற்றினேன்.
அது யோசிக்கவே இல்லை, கிளம்பிவிட்டது.
திம்மராயன் கால்களை ஒடுக்கி ஓரமாக நின்றார்,
சந்தில் யாருக்கோ வழி விடுகிறவர் மாதிரி.
தண்ணீர் சிமெண்டில் முட்டியது.
இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் பார்த்தது.
அப்புறம் பலகை இடுக்கு வழியாக
அஸ்திவாரத்துக்கு இறங்கத் தொடங்கியது.

பாகம் பிரிக்க இயலுமா, ஆம் / இல்லை,
என்று இருந்தது கடைசிப் பக்கத்தில்.
தீர்ப்பு என் வேலை இல்லை. எல்லைதான் என் வேலை.
முதல் பக்கத்துக்குத் திரும்பி
நான்கு வரிக்குக் கீழே, அச்சில் இல்லாத ஒரு வரி சேர்த்தேன்:
நடுவில் ஆறு.

செலவுப் பட்டியல்.
பரிசல் போக வர, முந்நூறு.
டேப் பிடித்த கூலி, திம்மராயன் வாங்கவில்லை.
தண்ணீர் பாட்டில் ஒன்று, இருபது.
குடிக்கவில்லை.
ரசீது இணைத்திருக்கிறேன்.